காப்பு கட்டியவன் பிடித்த கட்லா

அம்பத்தூர்,
12.8.1993

கடலூர் துறைமுகத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் மச்சான் கஜபதிக்கு, உன் அக்கா புருஷன் கன்னியப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா ராஜம்மாவும் எங்கள் ஒரே மகள் தாட்சாயிணியும் பொன்னியம்மன் தயவில் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. அடுத்தவன் குடும்பத்தைக் கலைத்துவிட்டு மூன்று வேளையும் சுடச்சுடச் சாப்பிடுகிறவனுக்கு உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது?

இந்தக் கடிதம் போன வாரமே உன் கைக்கு வந்திருக்க வேண்டியது. ஆடித் திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருந்ததால் தப்பித்தாய். காப்பு கட்டினவன் கறி மீன் தின்னக்கூடாது, பாயில் படுக்கக்கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, யாரையும் வாய் திறந்து திட்டக்கூடாது. முதல் மூன்றும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த நாலாவதைக் காப்பாற்றுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. உன்னை நினைக்கும்போதெல்லாம் வாயில் தண்ணீரை ஊற்றி அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்று கூழ் ஊற்றி முடிந்து, காப்பையும் அவிழ்த்தாயிற்று. இனிமேல் எனக்கு யார் தடை? கேட்டுக்கொள்.

டேய், உனக்கு என்ன கெடுதல் செய்தேன்? போன வருஷம் பெரிய லீவுக்குப் பிள்ளை மாமா வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டாளே என்று அனுப்பினேன். நீ என்ன செய்தாய்? படகில் ஏற்றினாய். கடலில் தள்ளி நீச்சல் சொல்லிக்கொடுத்தாய். இன்ஜினைப் பிரித்து மாட்டக் காட்டினாய். திரும்பி வந்த பெண் என் பெண்ணாகவா வந்தாள்? கறுத்து, வற்றி, கிரீஸ் வாசனையோடு வந்து, "நைனா, நம்ம ஊட்டு கொழா பம்ப்ல வாஷர் பூட்ச்சி, நான் மாத்திட்டேன்" என்கிறாள். பிளஸ் டூ முடித்துவிட்டாள், ஸ்டேஷன் பக்கம் டைப்ரைட்டிங் கிளாஸில் இடம் பேசி வைத்தேன், அப்புறம் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் எங்கள் ஸ்பிரிங் கம்பெனி ஆபீசிலேயே உட்கார வைக்கலாம், மத்தியானம் ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவளானால் கடல் பயிற்சிக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இது யார் வேலை? உன் வேலை.

அதோடு விட்டாயா? இந்த ரகுநாதன் இருக்கிறாரே, ஆவடியில் ராணுவ ஃபேக்டரியில் ரிட்டயர் ஆகி, தலையில் வட்டத் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக ஏரிக்கரையில் திரிகிறவர், அவர் ஆரம்பித்த தூண்டில் சங்கத்துக்கு நீ கடிதம் எழுதி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், மீன் பிடிக்கிற போட்டியில் என் பெயரைச் சேர்த்துவிட்டாய். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசில் "கன்னியப்பன், ஸ்பிரிங் கம்பெனி" என்று பார்த்ததும் வாயிலிருந்த டீ அப்படியே மூக்கில் ஏறிவிட்டது. நான் ஜென்மத்தில் தூண்டில் பிடித்தவனா? ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவன்தான். எங்கள் அப்பன் கழனியில் சேறு மிதித்தவர், நான் எஸ்டேட்டில் மெஷின் மிதிக்கிறவன். தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் நாங்கள் இறங்கியதே கிடையாது.

போட்டியின் லட்சணத்தைக் கேள். மீனைப் பிடிக்கவேண்டுமாம், உயிரோடு அளக்கவேண்டுமாம், திரும்ப ஏரியிலேயே விட்டுவிட வேண்டுமாம். நடுவர் கண்ணெதிரே மீன் நீந்திப் போனால்தான் கணக்கு. செத்தால் பூஜ்யம். போட்டிக் கட்டணமாக வசூலாகிற பணத்தில் ஏரியை மூடிக் கிடக்கிற ஆகாயத்தாமரையை வாரி, சாக்கடை விழுகிற வாயை அடைத்து, ஏரியைக் காப்பாற்றப் போகிறார்களாம். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதைக் கேட்ட உன் அக்கா, "அப்ப இன்னாத்துக்குப் புடிக்கிறது? கரையில நின்னு பாத்துக்கினு வந்தா பத்தாது?" என்று ரகுநாதனையே கேட்டுவிட்டாள். அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

ஜெயிக்கிறவர் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைக் கடலூர் கடற்கரையில் ரெண்டு மாசப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். படகு ஓட்டுவது, மூழ்குகிறவர்களைக் காப்பாற்றுவது, ஆமை முட்டையைக் காவல் காப்பது என்று என்னென்னவோ இருக்கிறது. சரி, போகிற பிள்ளையே உட்கார்ந்து மீன் பிடிக்கட்டுமே என்றால், அது கூடாதாம். வீட்டுப் பெரியவர்தான் உட்காரவேண்டுமாம். அப்போதுதான் பெரியவர்களுக்கு ஏரிமேல் அக்கறை வரும் என்று ரகுநாதன் போட்ட சட்டம். எனக்கு அக்கறை வந்ததோ இல்லையோ, வயிற்றுப்போக்கு வந்தது.

வீட்டில் சண்டை முற்றியது. தாட்சாயிணி ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நானே இறங்கி வந்து, "சரிம்மா, நான் அந்தப் போட்டியில் ஜெயித்தால் நீ கடலுக்குப் போ. தோற்றால் மறுபேச்சு இல்லாமல் டைப்ரைட்டிங் போ" என்று அம்மன் படத்துக்கு முன்னால் சொன்னேன். அவளும் சரி என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. தூண்டிலை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாதவன் எங்கே ஜெயிக்கிறது?

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. போட்டிக்கே போகாமல் இருந்துவிட்டால் இன்னும் நல்லதல்லவா? அதற்குத்தான், வாழ்நாளில் காப்பு கட்டாதவன், போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, மஞ்சள் வேட்டியோடு வீட்டுக்கு வந்து, "ஐயய்யோ, காப்பு கட்டிட்டேனே, ஒரு உசுருக்குத் தீங்கு நினைக்கக்கூடாதே, மீன் எப்படிப் பிடிக்கிறது?" என்று கையை விரித்தேன். எவ்வளவு அருமையான யோசனை! எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

தாட்சாயிணி நேரே பூசாரி வேம்புலியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வேம்புலி வெற்றிலையை மென்றுகொண்டே எல்லாம் விசாரித்தார். "மீனு சாவுமா?" என்றார். "சாவாதுண்ணா, அளந்துட்டு வுட்டுடுவாங்க" என்றாள் இவள். "அப்ப இன்னா தோஷம்? தொட்டுட்டு வுட்டா ஆத்தா கோச்சுக்க மாட்டா. போய் உக்காருய்யா கன்னியப்பா. ஆனா ஒண்ணு, உன் கையால அது செத்துதுன்னு வையி, நீ நாசமாப் பூடுவே, சொல்ட்டேன்." இதைச் சொல்லிவிட்டு என் வீட்டிலேயே மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். ஊர் உலகத்தில் மீன் சாகாத மீன்பிடிப் போட்டி இது ஒன்றுதான் இருக்கும் கஜபதி, அதுவா என் தலையில் விழவேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். பாடியிலிருந்து, பூந்தமல்லியிலிருந்து எல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தன் கையிலும் சக்கரம் வைத்த வெளிநாட்டுத் தூண்டில், கறுப்புக் கண்ணாடி, மடக்கு நாற்காலி. நான் மஞ்சள் வேட்டியும் நெற்றி நிறையக் குங்குமமும் கையில் வேப்பிலையுமாகப் போய் நின்றேன். நாலு பொம்பளைகள் ஓடிவந்து காலில் விழுந்தார்கள். ஒருத்தி குழந்தையை என் மடியில் போட்டு, "ராத்திரியெல்லாம் அழுவுது சாமி, துண்ணூறு போடு" என்றாள். கறுப்புக் கண்ணாடிக்காரன் ஒருவன் ரகுநாதனிடம் போய், "சார், சாமியக் கூட்டியாந்து போட்டில உக்கார வெச்சா நாங்க இன்னா பண்றது?" என்று சண்டைக்கே நின்றான். ரகுநாதன் விசிலை ஊதினார். அவருக்கு எதற்கும் விசில்தான்.

நான் விடவில்லை. தோற்பதற்கு என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தேன். எல்லோரும் நல்ல நிழலாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். நான் எருமை கழுவுகிற இறக்கத்தில், நாற்றம் தாங்காத இடத்தில், வெயிலில் உட்கார்ந்தேன். எல்லோரும் மண்புழு கோர்த்தார்கள். மண்புழுவும் உயிர்தானே, காப்பு கட்டினவன் தொடமாட்டேன் என்று ஒதுக்கிவிட்டு, எனக்காக உன் அக்கா தூக்குச் சட்டியில் கொடுத்தனுப்பிய கேழ்வரகுக் கூழில் கெட்டியாக ஒரு உருண்டை பிடித்து முள்ளில் அப்பினேன். ரெண்டு நாள் புளித்த கூழ். மனுஷனே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறான், மீனா தின்னப்போகிறது என்று நிம்மதியாக, நைலான் நரம்பை வீசிவிட்டு, மீதிக் கூழை வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு, அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

எருமை கலக்கிய சேற்றில்தான் பெரிய மீன் மேயும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? புளித்த கேழ்வரகு என்றால் கட்லா மீனுக்கு உயிர் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ரகுநாதன் சொன்னார், எல்லாம் முடிந்தபிறகு. "இந்த ரகசியம் தெரிஞ்சவங்க ரொம்பக் குறைச்சல் சார்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கையை உடைக்கலாமா என்று தோன்றியது. காப்பு இருந்ததால் விட்டேன்.

தூக்கத்தில் யாரோ கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. முழித்துப் பார்த்தால் தக்கையைக் காணோம், மூங்கில் கழி தண்ணீரில் போகிறது, நரம்பு என் மணிக்கட்டில் காப்புக் கயிற்றோடு சுற்றிக்கொண்டு என்னையும் இழுக்கிறது. விட்டுத் தொலைக்கலாம் என்றால் எப்படி விடுவது? நரம்பை விடவேண்டுமானால் காப்பை அறுக்கவேண்டும். காப்பை அறுத்தால் ஆத்தா என்னை அறுப்பாள். "ஐயோ, அத்து வுடுங்கடா" என்று நான் கத்துகிறேன், கரையில் இருக்கிற ஜனம் "வுடாதே சாமி, வுடாதே!" என்று கத்துகிறது. வழுக்கி விழுந்தேன். இடுப்பளவு சேறு. வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எருமை ஒன்று நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போயிற்று. எப்படி நான் கரைக்கு வந்தேன், எப்படி அந்த மீன் என்னோடு வந்தது, எனக்கே தெரியாது. வந்துவிட்டது. ஒரு வயசுப் பிள்ளை கனம் இருக்கும். அம்பத்தூரில் அப்படி ஒரு கட்லாவை யாரும் பார்த்ததில்லை என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படி. ஈரச் சாக்கில் போட்டு அளந்தார்கள். மற்றவர்கள் பிடித்ததெல்லாம் இதன் பக்கத்தில் குட்டி. ரகுநாதன், "சீக்கிரம் தண்ணீல வுடுங்க சார், பிடிச்சவர்தான் வுடணும், நீந்திப் போனாத்தான் கணக்கு" என்றார். மீன் செவுளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. வாயைத் திறந்து மூடியது. எனக்கு ஒரு நிமிஷம் புத்தி பளிச்சென்று வேலை செய்தது. ஒன்றும் செய்யவேண்டாம். வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றால் போதும். மீன் போய்விடும், பூஜ்யம் வரும், என் பெண் என்னோடு இருப்பாள். ஆத்தா கோபித்துக்கொண்டால் நான் நாசமாகப் போகிறேன், போகட்டும் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு தூரம் நினைத்தேன் கஜபதி.

தாட்சாயிணியைப் பார்த்தேன். அவள் மீனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன நினைக்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சீக்கிரம் நைனா என்று கத்தியிருந்தால்கூட நான் அசையாமல் நின்றிருப்பேன். அவள் வாயைத் திறக்கவே இல்லை. சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் ஊசி போடும்போது இப்படித்தான் அழாமல் என் முகத்தையே பார்ப்பாள்.

மீனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். நான்தான் ஓடினேன், வேறு யாரும் என்னைத் தள்ளவில்லை. அவிழ்ந்த வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அம்பத்தூர் ஜனம் மொத்தமும் பார்க்க, "வழி வுடுங்கடா, சாவப்போவுது, வழி வுடுங்கடா" என்று அலறிக்கொண்டே ஓடித் தண்ணீரில் விட்டேன். விட்டால் அது வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிறது. அதற்குள் உன் மருமகள் பாவாடையைச் செருகிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, மீனை நிமிர்த்தி, ஒரு கை வயிற்றிலும் ஒரு கை வாலிலும் வைத்து, தொட்டில் ஆட்டுகிற மாதிரி முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினாள். "தண்ணி செவுளு வழியா போவணும் நைனா, அவசரப்படாதே" என்று எனக்குச் சொல்கிறாள். ரகுநாதன்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அந்தச் சனியன் பிடித்த மீன் திடீரென்று வாலால் அவள் முகத்தில் ஒரு அறை அறைந்துவிட்டுப் போய்விட்டது.

அதன் பிறகு என்ன? மாலை, விசில், கைதட்டல். ஷிஃப்டுக்குப் போனால் ஃபோர்மேன் முதற்கொண்டு "சாம்பியன்" என்று கூப்பிடுகிறான். கோயிலில் எனக்குத்தான் முதல் கூழ். உன் அக்கா, போட்டிக்கு முந்தின நாள்வரை "பொட்டைப் புள்ளைய கடலுக்கு அனுப்பறதா" என்று என் பக்கம் பேசினவள், இப்போது தெருவெல்லாம் போய், "எங்க தாச்சு கப்பலுக்குப் போவுது" என்று சொல்லிக்கொண்டு, முறுக்கு சுட்டு டப்பாவில் அடைக்கிறாள். எல்லோருக்கும் சந்தோஷம். ரெண்டு மாசம் இந்த வீட்டில் சாயங்காலம் நான் யாரோடு பேசுவேன் என்று ஒருத்தராவது கேட்டார்களா? ரெண்டு மாசம் என்பது சும்மா. போனவள் அப்புறம் படகு, கப்பல், வேலை என்று போய்க்கொண்டேதான் இருப்பாள், எனக்குத் தெரியாதா? வயிறு எரிகிறதடா. உன்னால்தான் எரிகிறது.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். நீ இந்தக் கடிதம் கண்டவுடன் பயிற்சிக்காரர்களிடம் போய், பெண்ணுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, அப்பனுக்கு உடம்பு சரியில்லை, எதையாவது சொல்லி அவள் பெயரை எடுத்துவிட வேண்டியது. நீ இழுத்த வினையை நீயே முடி. நான் சொன்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும், அது என்னால் முடியாது. நீ செய்யவில்லை என்றால் உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தீபாவளிக்கு இந்த வாசல்படி மிதிக்காதே.

மற்றபடி உன் பெண்சாதிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். பொன்னியம்மன் உங்கள் அனைவரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், உன்னை மட்டும் கொஞ்சம் விசாரித்துவிட்டுக் காக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத
கன்னியப்பன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை. தாட்சாயிணி கையிலேயே ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை காலை பாரிமுனையில் நானே பஸ் ஏற்றி விடுகிறேன், மத்தியானத்துக்குள் கடலூரில் இறங்கிவிடுவாள். நீ அரைமணி நேரம் முன்னாலேயே வந்து பஸ் ஸ்டாண்டில் நில். மேலே சொன்னபடி யாரிடமும் போய் எதுவும் சொல்லித் தொலைக்காதே. முறுக்கு டப்பா உனக்கில்லை, பயிற்சி முகாமுக்கு.

இனிமேல் எழுதுவது உனக்கு இல்லை கஜபதி.

ஏம்மா தாட்சாயிணி, ஜன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்து இதைப் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் மாமனுக்கு எழுதியதெல்லாம் உண்மை, ஆனால் நீ திரும்பி வரவேண்டாம். பஸ் செங்கல்பட்டு தாண்டியிருந்தால் தோசை மடித்து வைத்திருப்பதைச் சாப்பிடு. படித்து முடித்ததும் மறுபடி ஒட்டி மாமாவிடம் கொடு, நீ பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அழாதே, பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்ப்பார்கள்.